விடுமுறைக் கதை நேரத்தில் தமிழுக்கும் அரை மணி நேரம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நூலகங்கள் பிள்ளைகளுக்கு நடத்தும் கோடை வாசிப்பு முகாம்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழ்நாட்டில் அது மே மாதத்துச் சங்கதி. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்களுக்குக் கோடை டிசம்பரில் வருகிறது. பள்ளி திறக்க ஜனவரி நடுவாகிவிடும். பெற்றோர் பலருக்குப் பண்டிகைக் காலத்திலும் வேலை இருக்கும். பிள்ளைகள் கைப்பேசியே கதி என்று கிடக்கிறார்கள்.

பல நாடுகளில் நடக்கும் பிர்ல்ஸ் என்ற வாசிப்புத் திறன் ஆய்வின் 2021ஆம் ஆண்டு முடிவின்படி, இந்த நாட்டில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளில் 81 விழுக்காட்டினருக்கு எந்த மொழியிலும் படித்ததன் பொருள் விளங்கவில்லை. 2016இல் இது 78. புத்தகம் வாங்கித் தரலாம் என்றால் அதற்கும் 15 விழுக்காடு வாட் வரி, கையைக் கடிக்கிறது. ஆகவே நூலகத்தைத்தான் நம்பியிருக்கிறோம்.

எங்கள் பகுதி நூலகத்தில் விடுமுறைக் கதை நேரம் நன்றாகவே நடக்கிறது. ஆங்கிலத்தில் படிப்பார்கள், சில நாள் இங்குள்ள ஜூலு மொழியிலும். போன கோடையில் நூலகரிடம் கேட்டு நானும் ஒரு தமிழ்க் கதை படித்தேன். யானை வரும் இடத்தில் பிளிறிக் காட்டினேன். தமிழே தெரியாத ஜூலுப் பையன் ஒருவன்தான் முதலில் சிரித்தான். அடுத்த தடவை யானை வந்தபோது என்னை முந்திக்கொண்டு அவனே பிளிறினான்! என் பேத்தியோ, "ஆயா, இன்னொரு தரம்" என்று புத்தகத்தை முதல் பக்கத்துக்கே திருப்பிவிட்டாள். அந்தப் புத்தகம் நான் வீட்டிலிருந்து கொண்டுபோனது. நூலகத் தமிழ் அலமாரியில் பக்தி நூல்களும் அகராதிகளும்தான் இருக்கின்றன. எட்டு வயதுப் பிள்ளை எடுத்துப் பார்க்க அங்கே ஒன்றுமில்லை.

இதற்குப் பெரிய செலவும் தேவையில்லை. ஜோஹன்னஸ்பர்க்கின் சைட் என்ற தொலைநிலைக் கல்வி நிறுவனம் தொடங்கிய 'ஆப்பிரிக்கன் ஸ்டோரிபுக்' திட்டத்தின் படக்கதைகளை யார் வேண்டுமானாலும் இலவசமாக அச்சிட்டுக்கொள்ளலாம். அவற்றில் நாற்பது கதைகள் 'ஸ்டோரிபுக்ஸ் கனடா' மூலம் தமிழிலும் கிடைக்கின்றன. எல்லாம் ஆப்பிரிக்க மண்ணின் கதைகள். நம் பிள்ளைகளுக்கு அந்நியமாகவே தோன்றாது. ஜூலு ஒரு பக்கம், தமிழ் ஒரு பக்கம் என்று அச்சிட்டு வைத்தால் இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே புத்தகத்தைப் பார்ப்பார்கள்.

நமது அரசமைப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, இங்கு வழங்கும் சமூக மொழிகளில் தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அவற்றை ஊக்குவித்து, அவற்றுக்கு மதிப்புக் கிடைப்பதை உறுதிசெய்ய வேண்டும் என்கிறது. நூலகங்கள் மாகாணத்தின் பொறுப்பு என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. ஆகவே இதைச் சலுகையாக அல்ல, உரிமையாகவே கேட்கலாம். காவடிக்கும் தேருக்கும் ஊர்கூடிச் செலவு செய்கிறோம். கோயில் கமிட்டிகளும் தமிழ்ச் சங்கங்களும் இந்த நாற்பது கதைகளை அச்சிடும் செலவை ஏற்க வேண்டும்.

படித்துக் காட்ட ஆள் வேண்டுமே என்பார்கள். தமிழ் படிக்கத் தெரிந்த ஆயாக்களும் தாத்தாக்களும் ஒவ்வொரு பேட்டையிலும் சிலராவது இருக்கிறார்கள். வரும் டிசம்பருக்கு நான் பெயர் கொடுத்துவிட்டேன். மற்றவர்களும் பள்ளி மூடுவதற்கு முன்பே தங்கள் நூலகத்தில் போய்க் கேட்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா