கிப்பனின் கைக்கு ஏற்ற பாலம்

ஆசிரியருக்கு வணக்கம்.

அசாம் ஹூலக் கிப்பன்கள் பற்றிய செய்தியில், ரயில் பாதைக்கு மேலே இரும்புப் பாலம் அமைத்தும் ‘குரங்குகள் அதைச் சீண்டவில்லை’ என்று எழுதியிருந்தீர்கள். கிப்பன் சாதாரணக் குரங்கு அல்ல; அதற்கு வால் கிடையாது. அது சிம்பன்சி, ஒராங்குட்டான் வகையறா. இந்தியக் காடுகளில் வாழும் ஒரே வாலில்லாக் குரங்கினம். சொல்லில் குறை பிடிப்பதற்காக இதை எழுதவில்லை. பாலம் பயன்படாமல் போனதற்கும் இந்த வேறுபாட்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

வால்பாறை புதுத்தோட்டத்தில் சாலைக்கு மேலே கட்டிய பாலங்களில் சோலைமந்திகள் (சிங்கவால் குரங்குகள்) நாலுகாலில் நடந்து போய்விடுகின்றன. கிப்பன் பெரும்பாலும் கிளைக்குக் கீழே தொங்கி, கைமாற்றிக் கைமாற்றி ஊசலாடிப் போகும் உயிர். கால்களைவிடக் கைகள் நீளம். நான்கு விரல்களையும் கொக்கிபோல் வளைத்துக் கிளையில் மாட்டும். கட்டைவிரல் ஒதுங்கியே இருக்கும். கனத்த சட்டத்தில் அந்தக் கொக்கி மாட்டாது.

அந்தக் காலத்துச் சோதனைகளில் கிப்பனுக்கு ‘மந்தபுத்தி’ப் பட்டம் கிடைத்ததும் இப்படித்தான். கயிற்றை இழுத்து உணவை எடுக்கச் சொன்னார்கள்; தேறவில்லை. 1967இல் விலங்கு நடத்தை ஆய்வாளர் பெஞ்சமின் பெக் அதே கயிற்றைத் தரையிலிருந்து சற்று உயர்த்தி வைத்ததும் எளிதாக இழுத்துவிட்டன. தட்டையான தரையில் ஒட்டிக் கிடக்கும் கயிற்றை அந்த நீள விரல்களால் கிள்ளி எடுக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அந்த இரும்புப் பாலம் இருக்கும் அசாமின் ஜோர்ஹாட் மாவட்டத்து ஹோலோங்காபார் சரணாலயம் சுமார் 21 சதுர கிலோமீட்டர். சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். உள்ளே 1.65 கிலோமீட்டருக்கு ரயில் பாதை காட்டை இரண்டாக வெட்டுகிறது. கிப்பன் தரையிறங்குவது அபூர்வம். அப்பா, அம்மா, ஓரிரு பிள்ளைகள் என்ற சிறு குடும்பத்தில் வளரும் குட்டி, ஏழெட்டு வயதில் துணை தேடி வெளியேற வேண்டும். பாதையின் சிறிய பக்கத்தில் மாட்டிக்கொண்டது எங்கே போகும்?

சீனாவின் ஹைனான் தீவில் நடந்ததைப் பார்க்கலாம். 2014இல் புயலும் நிலச்சரிவும் கிப்பன்களின் வழக்கமான மரப்பாதையில் சுமார் 15 மீட்டர் இடைவெளியை உண்டாக்கின. 2015 டிசம்பரில் மலையேறுவோர் கயிறுகள் இரண்டை அங்கே கட்டினார்கள். முதல் கிப்பன் அதைத் தொட்டது 176 நாள் கழித்து! அதுவும் எதிர்பார்த்தபடி ஊசலாடி அல்ல. பெரும்பாலும் கீழ்க்கயிற்றில் கால் வைத்து, மேல்கயிற்றைக் கைப்பிடியாகப் பற்றி நடந்தன. பெண்களும் குட்டிகளும் பழகிக்கொண்டன. வளர்ந்த ஆண் மட்டும் கடைசிவரை கயிற்றை நாடவில்லை, தாவியே கடந்தது.

ஆகவே ஹோலோங்காபாரிலும் ஒன்றன் மேல் ஒன்றாக இரட்டைக் கயிறு, விரல் வளையும் கனத்தில், கீழே பாதுகாப்பு வலையோடு வேண்டும். ஆள் ஏறிக் கட்ட வசதியான மரத்தில் அல்ல, கிப்பன்கள் ஏற்கெனவே வந்துபோகும் உச்சிக்கிளை மரத்தில் முனையைக் கட்ட வேண்டும். கயிறு நாளாக ஆகத் தொய்யும். மரமும் வளர்ந்து முடிச்சை இறுக்கும். ஆண்டுதோறும் ஏறிப் பார்க்க ஆள் இல்லையென்றால் கட்டியும் பயனில்லை. பாதை மின்மயமானால் 25,000 வோல்ட் கம்பி வரும். தொய்ந்த நிலையிலும் கயிறும் வலையும் அதற்குப் பாதுகாப்பான உயரத்தில் நிற்க வேண்டும். கூடவே இருபுறமும் வேகமாக வளரும் மரங்களை நட்டு, கொடிகளைப் படரவிடலாம். கிளைகள் கைகோக்கப் பல ஆண்டு ஆகும் என்பதால் அதை இப்போதே தொடங்க வேண்டும்.

இன்னொன்று: கேமரா வைத்துவிட்டு மூன்றாம் மாதமே ‘தோல்வி’ என்று கோப்பை மூடக் கூடாது. ஒரு மழைக்காலம் முழுக்க ஒரு கிப்பன்கூட ஏறாவிட்டாலும் கயிறு அங்கேயே இருக்கட்டும்.

– வாசகர், பொள்ளாச்சி