நிறைவுச் சான்றிதழில் கையெழுத்திடும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிய அரசு அலுவலகமோ, வங்கிக் கிளையோ, திருமண மண்டபமோ திறக்கப்படும்போது தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் படம் வெளியாகிறது. மற்றவர்கள் ரிப்பன் வெட்டுபவரைப் பார்ப்பார்கள். சக்கர நாற்காலியில் வாழும் என் போன்றோரின் கண் முதலில் போவது வாசற்படியின் மேல்தான். பக்கத்தில் சாய்தளம் உண்டா, உண்டென்றால் ஏறத்தக்கதா என்று தேடினால், பெரும்பாலான படங்களில் ஏமாற்றமே மிஞ்சுகிறது. விதிப்படி கட்டி முடிக்கப்பட்டது என்று அதிகாரிகள் தரும் நிறைவுச் சான்றிதழ் இந்தக் கட்டடங்களுக்கெல்லாம் எப்படிக் கிடைத்தது என்று கேட்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, மாற்றுத்திறனாளிகள் தடையின்றி வந்துபோக மத்திய அரசு வகுத்த அணுகல் விதிகளைப் பின்பற்றாத எந்தக் கட்டடத்துக்கும் கட்டுமான அனுமதியோ நிறைவுச் சான்றிதழோ வழங்கக் கூடாது என்று தன் 44ஆம் பிரிவில் ஐயத்துக்கு இடமின்றிக் கூறுகிறது. ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை ஐந்தாண்டுகளுக்குள் சீரமைக்க வேண்டும் என்பது 45ஆம் பிரிவு. விதிகள் 2017 ஜூனில் அறிவிக்கப்பட்டதால், அந்தக் கெடு 2022 ஜூனிலேயே முடிந்துவிட்டது. மீறுவோருக்கு முதல் முறை 10,000 ரூபாய் வரையிலும், அடுத்தடுத்த முறைகளில் 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்க 89ஆம் பிரிவு இடம் தருகிறது. இந்தப் பிரிவின்கீழ் எங்கள் பகுதியில் யாரேனும் அபராதம் கட்டியதாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

ஓட்டை எங்கே இருந்தது என்பதை உச்ச நீதிமன்றமே சுட்டிக்காட்டியிருக்கிறது. பார்வையற்றவரான ராஜீவ் ரதூரி 2005இல் தொடுத்த பொதுநல வழக்கில், 2024 நவம்பர் 8 அன்று, அப்போதைய தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. சட்டம் 'கட்டாயம்' என்கிறது. அதன்கீழ் வந்த 15(1)ஆம் விதியோ, செய்தால் நல்லது என்ற அளவிலான வழிகாட்டுதல்களின் தொகுப்பாக நின்றுவிட்டது. எனவே அந்த விதி சட்டத்துக்கு முரணானது என்றது அமர்வு. எவ்விதத்திலும் விட்டுக்கொடுக்க முடியாத குறைந்தபட்சத் தரங்களைத் தனியே பிரித்து மூன்று மாதங்களில் விதியாக்க வேண்டும் என்றும், அதன் பிறகு நிறைவுச் சான்றிதழை நிறுத்திவைப்பது, அபராதம் விதிப்பது உள்ளிட்ட நடவடிக்கைகளை மத்திய, மாநில அரசுகள் செயல்படுத்த வேண்டும் என்றும் உத்தரவிட்டது. அந்த மூன்று மாதங்கள் எப்போதோ கடந்துவிட்டன.

விதி ஏட்டளவில் நின்றால் தரையில் என்ன ஆகும் என்பதற்கு, எங்கள் ஊரில் அண்மையில் திறக்கப்பட்ட ஓர் அலுவலகமே போதும். அதன் வாசலில் அரையடி உயரத்தில் நான்கு படிகள். மொத்தம் இரண்டடி உயரம். ஓரடி ஏற பன்னிரண்டடி நீளம் என்பது உலகெங்கும் வழக்கத்தில் உள்ள கணக்கு. அதன்படி இங்கே சாய்தளம் இருபத்து நான்கு அடி இருந்திருக்க வேண்டும், கட்டியிருப்பதோ எட்டடி. அதன்மேல் வழவழப்பான டைல்ஸ் பதித்திருக்கிறார்கள். ஒரு தூறல் விழுந்தால் நடப்பவருக்கே வழுக்கும். மேலே நாற்காலி நின்று திரும்பச் சமதளம் இல்லை. கதவோ வெளிப்பக்கமாகத் திறக்கிறது. ஆகவே, இருவர் பின்னாலிருந்து தள்ளி என்னை மேலே கொண்டுபோனாலும், உள்ளிருந்து ஒருவர் கதவைத் திறந்தால் மூவரும் சேர்ந்து பின்னோக்கி உருள வேண்டியதுதான். இதில் கைப்பிடிக் கம்பி மட்டும் பளபளவென்று எவர்சில்வரில்! மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறையும் ஒன்று உண்டு. அதன் கதவில் நீல நிறச் சின்னமும், உள்ளே துடைப்பங்களும் பழைய கோப்புக் கட்டுகளும் இருக்கின்றன. வரைபடத்தில் இவை இரண்டுக்கும் 'உண்டு' என்று குறி போட்டிருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இரக்கத்துக்கு நம் ஊரில் பஞ்சமே இல்லை. அலுவலக வாசலில் நாற்காலி நின்றால் நான்கு பேர் ஓடிவந்து தூக்குகிறார்கள். அவர்களுக்கு நான் நன்றி உடையவன். ஆயினும், ஒரு சாதிச் சான்றிதழுக்காகவோ ஓய்வூதிய மனுவுக்காகவோ வளர்ந்த மனிதர் ஒருவர் மூட்டைபோலத் தூக்கப்படுவதை உதவி என்று எழுதிக்கொண்டிருக்கும் வரை, கட்டியவரின் தவறு கணக்கிலேயே வராது.

வெளிநாடுகளில் எல்லாம் சரியாக இருக்கிறது என்பது நம்மவர்களின் பொதுவான எண்ணம். அங்கும் யாரும் தானாக முன்வந்து தந்துவிடவில்லை. 1978 ஜூலையில் அமெரிக்காவின் டென்வர் நகரில், ஏற முடியாத பேருந்துகளை மறித்து, சக்கர நாற்காலிக்காரர்கள் இரவெல்லாம் நடுச்சாலையில் கிடந்தார்கள். 1990 மார்ச் 12 அன்று வாஷிங்டனில் பலர் தங்கள் நாற்காலிகளையும் ஊன்றுகோல்களையும் கீழே விட்டுவிட்டு, நாடாளுமன்றக் கட்டடத்தின் படிகளில் தவழ்ந்து ஏறினார்கள். அவர்களில் எட்டு வயதுச் சிறுமியும் ஒருத்தி. அதே ஆண்டு ஜூலை 26 அன்று அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் கையெழுத்தானது. சிங்கப்பூரில் 2020 டிசம்பர் முதல் பொதுப் பேருந்துகள் அனைத்தும் சக்கர நாற்காலி ஏறக்கூடியவை. அங்கே ஓட்டுநர் இறங்கி வந்து, கதவடியில் மடித்து வைத்த பலகையை விரித்து, பயணி ஏறிய பின் மடித்துவிட்டுப் போகிறார். இதை ஒரு சேவையாக அவரும் நினைப்பதில்லை, பயணிகளும் நினைப்பதில்லை.

பிந்திச் செய்தால் என்ன ஆகும் என்பதற்குப் பாரிஸ் சான்று. 1900இல் தொடங்கிய அந்நகரின் மெட்ரோவில், 2024இல் பாராலிம்பிக் நடந்தபோதும், முழுமையாகச் சக்கர நாற்காலி செல்லக்கூடியதாக இருந்தது 1998இல் திறந்த 14ஆம் தடம் ஒன்றுதான். பழைய சுரங்க நிலையங்களில் மின்தூக்கி வைப்பது அவ்வளவு கடினம், அவ்வளவு செலவு. 2015இல் ஓடத் தொடங்கிய சென்னை மெட்ரோவில் மின்தூக்கி வரைபடத்திலேயே இருந்ததால் இந்தத் தொல்லை எழவில்லை.

இலங்கையின் நிலை நமக்குப் பாடமாக வேண்டும். அங்கே 1996இலேயே சட்டம் வந்தது. 2006இல் அணுகல் ஒழுங்குவிதிகள் வந்தன. புதிய பொதுக் கட்டடங்கள் அவற்றுக்கு இணங்க அமைய வேண்டும் என 2011இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் ஆணையிட்டது. போரில் காலையும் முதுகுத்தண்டின் வலுவையும் இழந்தவர்கள் வாழும் வடக்கிலும் கிழக்கிலும், அந்த ஆணை வாசற்படி வரை வந்துசேரவில்லை என்றே அங்குள்ள நண்பர்கள் சொல்கிறார்கள்.

தமிழ்நாட்டில் நல்லது நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். 2022 நவம்பரில் மெரினாவில் 263 மீட்டர் நீள மரப்பாதை திறக்கப்பட்டபோது, கடலலையைக் கிட்டே போய்ப் பார்த்தவர்களின் முகங்களை நாடே பார்த்தது. சில நாட்களிலேயே மாண்டஸ் புயல் அதைச் சிதைத்தது. மாநகராட்சி மீண்டும் சீரமைத்தது. மாற்றுத்திறனாளிகள் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் வழக்காடிய பிறகு, 2024 ஆகஸ்டில் சென்னைக்குத் தாழ்தளப் பேருந்துகள் வந்தன. தென்காசியில் நாங்கள் இன்னும் மூன்று படி உயரமுள்ள பேருந்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம். தேர்தல் நாளில் மட்டும் எங்கள் பள்ளிகளுக்கெல்லாம் மரச் சாய்தளமும் சக்கர நாற்காலியும் வந்துவிடுகின்றன. வாக்காளருக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படுவது, அதே பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு ஆண்டு முழுவதும் தேவைப்படாதா?

"இங்கே எத்தனை பேர் வந்துவிடப் போகிறார்கள்?" என்று பொறியாளர்கள் கேட்பதுண்டு. 2011 கணக்கெடுப்பின்படியே தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11.79 லட்சம் பேர். முழங்கால் தேய்ந்த முதியவர்களும், குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் தாய்மார்களும் அந்தக் கணக்கில் இல்லை.

ஆகவே அரசிடம் நான் வேண்டுவது புதிய திட்டமோ நிதியோ அல்ல. பொதுமக்கள் வந்துபோகும் எந்தக் கட்டடத்துக்கும் நிறைவுச் சான்றிதழ் வழங்கும் முன், அந்தப் பகுதியைச் சேர்ந்த சக்கர நாற்காலிப் பயனர் ஒருவரும் பார்வையற்றவர் ஒருவரும் வாசலிலிருந்து கழிப்பறை வரை யாருடைய துணையுமின்றிச் சென்று வர முடிகிறதா என்று நேரில் சோதிக்கப்பட வேண்டும். அவர்களுக்கு அதற்கான படித்தொகையும் கொடுக்கப்பட வேண்டும். சோதனையின் முடிவையும், சான்றளித்த அலுவலரின் பெயரையும் பதவியையும் கட்டடத்தின் முகப்பிலேயே எழுதி வைக்க வேண்டும். பின்னால் குறை தெரிந்தால் 89ஆம் பிரிவின்படி அபராதம் யாரிடம் கேட்பது என்று நாங்கள் அலைய வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
சக்கர நாற்காலியில் வாழும் வாசகர்,
தென்காசி.