எண்ணிக்கையைப் பார்த்து ஸ்பீக்கர் வாங்கலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பண்டிகைக் காலத் தள்ளுபடியை ஒட்டித் தங்கள் நாளிதழின் இணைப்பிதழில் வெளியான, வீட்டுக்கு ஒலிச் சாதனம் வாங்குவது பற்றிய கட்டுரையைப் படித்தேன். தரையில் நிற்கும் உயரமான டவர் ஸ்பீக்கர் இரண்டு வாங்கும் விலைக்கு, ஐந்து ஸ்பீக்கரும் தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள ஒரு சப்வூஃபர் பெட்டியும் சேர்ந்து நம்மைச் சுற்றி ஒலிக்கும் 5.1 சரவுண்ட் செட்டே கிடைக்கும்போது பின்னதை வாங்குவதே லாபம் என்று அதில் முடிவு சொல்லப்பட்டிருந்தது. கத்தரிக்காய் வாங்கும்போது இந்தக் கணக்கு சரிவரும். ஸ்பீக்கர் விஷயத்தில் இதே கணக்கை நம்பிக் கையைச் சுட்டுக்கொண்டவன் என்ற முறையில் சிலவற்றைத் தெரிவிக்க விரும்புகிறேன்.

எங்கள் வீட்டு ஹால் 12 அடிக்கு 15 அடி. சிமென்ட் சுவர், வழவழப்பான டைல்ஸ் தரை, ஒரு பக்கம் பால்கனிக் கதவு, டி.வி.க்கு எதிர்ச்சுவரோடு ஒட்டிப் போட்ட சோபா. நம் ஊர் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பத்துக்கு எட்டு வீடு இப்படித்தான் இருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் அட்டைப்பெட்டியின் மேல் பல ஆயிரம் வாட்ஸ் என்று கொட்டை எழுத்தில் அச்சிட்ட ஒரு 5.1 செட்டை வாங்கினேன். பொருத்த வந்த இளைஞர் பின்பக்க ஸ்பீக்கர் இரண்டையும் சோபாவுக்கு நேர் மேலே, உட்காருபவரின் தலைக்கு ஒரு முழம் தள்ளிச் சுவரில் மாட்டினார். அவரைக் குறை சொல்லமாட்டேன், வேறு இடம் இருந்தால்தானே மாட்டுவார். அன்று மாலை ஒரு நாதஸ்வரக் கச்சேரியைப் போட்டபோது தவில் பின்மண்டையில் விழுந்தது. இடம், வலம் என்று இரண்டு சேனலில், அதாவது இரண்டு ஒலித்தடங்களில், பதிவான கச்சேரியை ஐந்து ஸ்பீக்கருக்கும் பங்கிட்டுக் கொடுக்கும் அமைப்பில், ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவர் பெட்டி வைக்கப்பட்டிருந்தது என்பது பல நாள் கழித்தே எனக்குத் தெரிந்தது.

சரவுண்ட் ஏற்பாட்டின் நோக்கமே வேறு. திரைப்படத்தின் ஒலிக்கலவையில் முன்பக்க இடம், வலம், வசனத்துக்கென்று நடு, சுற்றுப்புற ஓசைகளுக்குப் பின்பக்கம் இரண்டு என்று ஐந்து தனித்தனித் தடங்களும், இடி, வெடி போன்ற மிகத் தாழ்ந்த ஒலிக்கென ஆறாவதாக ஒரு தடமும் உண்டு, 5.1 என்பதில் புள்ளிக்குப் பின் வரும் 1 அதுதான். கேட்பவருக்கு நேர் முன்னிருந்து முன்பக்க ஸ்பீக்கர்கள் இருபுறமும் 30 பாகையிலும், பின்பக்க ஸ்பீக்கர்கள் 100 முதல் 120 பாகைக்குள்ளும் இருக்கவேண்டும் என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை கூறுகிறது. அதாவது அவை காதுக்குப் பக்கவாட்டில், சற்றே பின்தள்ளி நிற்கவேண்டும். சுவரோடு ஒட்டிய சோபாவில் அமர்ந்தவருக்குப் பின்னால் ஏது இடம்? சோபாவை இரண்டு, மூன்று அடி முன்னுக்கு இழுத்துப் போட வீட்டில் சம்மதம் கிடைக்குமானால் மட்டுமே சரவுண்ட் பற்றி யோசிக்கலாம் என்பது என் கருத்து. சம்மதம் வாங்குவது ஸ்பீக்கர் வாங்குவதைவிடக் கடினம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்து, வீட்டில் நாள்தோறும் ஒலிப்பது எது என்று பார்க்கவேண்டும். 1970-களின் நடுப்பகுதி வரை வந்த நம் திரைப்பாடல்கள் அநேகமாக முழுவதும் ஒற்றைச் சேனல் பதிவுகள். பிறகு வந்த பாடல்களும் கர்நாடக இசைத்தட்டுகளும் பெரும்பாலும் இரண்டு சேனல். ஓ.டி.டி. தளங்களிலும் ப்ளூரே தட்டுகளிலும் வரும் படங்களில்தான் உண்மையான 5.1 கிடைக்கிறது. அதிலும், டி.வி.யிலிருந்து ரிசீவருக்குச் செல்லும் ஹெச்.டி.எம்.ஐ. ஆர்க் இணைப்பில் ஒலி வெளியீட்டைப் பி.சி.எம். (சுருக்கப்படாத ஒலி வடிவம்) என்று வைத்திருந்தால் பல டி.வி.க்கள் இரண்டு சேனலை மட்டுமே அனுப்பும். ஐந்து ஸ்பீக்கரும் பாடுகின்றனவே என்று நாம் மகிழ்ந்திருப்போம். உள்ளே வந்ததோ இரண்டுதான்.

டவர் ஸ்பீக்கரின் பலம் அதன் உடம்பில் இருக்கிறது. தாழ்ந்த சுரம் எழவேண்டுமானால் நிறையக் காற்றை அசைக்கவேண்டும். மூன்றரை அடி உயரப் பெட்டிக்குள் அதிர்ந்து ஒலியெழுப்பும் ஆறரை அங்குலக் கூம்புகள் இரண்டு சேர்ந்து செய்யும் அந்த வேலையை உள்ளங்கையளவு பெட்டியிலுள்ள மூன்று அங்குலக் கூம்பு செய்யவே முடியாது. ஆகவே மலிவான செட்டுகளில் சுமார் 150 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு 150 அதிர்வு; எண் குறையக் குறைய ஒலி தாழும்) கீழுள்ள எல்லாவற்றையும் சப்வூஃபரின் தலையில் கட்டிவிடுகிறார்கள். ஆண் குரலின் அடித்தளமும் மிருதங்கத்தின் தொப்பியும் (தாழ்ந்த ஒலி தரும் இடப்பக்கம்) விழுவது அந்த எல்லைக்குள்தான். விளைவு, பாடகர் டி.வி.க்குப் பக்கத்திலும் அவருடைய அடிக்குரல் மூலையில் கிடக்கும் பெட்டியிலுமாகப் பிரிந்து ஒலிக்கும். ஓரளவு பெரிய ஸ்பீக்கர்களாக இருந்து, சப்வூஃபருக்குப் போவதை 80 ஹெர்ட்ஸில் நிறுத்தினால் அந்த ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது காதுக்கு எளிதில் பிடிபடாது.

வாட்ஸ் கணக்கு தனிக் கதை. பெட்டியில் அச்சிடும் பி.எம்.பி.ஓ. எண் கண நேர உச்சத்தைக் காட்டுவதாகச் சொல்லிக்கொள்ளும் விளம்பர எண்ணே தவிர, அதற்கு ஒப்புக்கொள்ளப்பட்ட அளவுமுறை எதுவும் கிடையாது. பார்க்கவேண்டியது, தொடர்ந்து தரக்கூடிய மின்திறனைக் காட்டும் ஆர்.எம்.எஸ். வாட்ஸையும், கொடுத்த மின்திறனுக்கு எவ்வளவு சத்தம் வரும் என்று காட்டும் ஸ்பீக்கரின் உணர்திறனையும். உணர்திறன் 88 டெசிபல் உள்ள ஸ்பீக்கரில் கிடைக்கும் அதே சத்தத்தை 91 டெசிபல் உள்ளது பாதி மின்திறனிலேயே தந்துவிடும். விற்பனையாளரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மேலாளரை அழைப்பார்.

இதனால் டவர்தான் எல்லா வீட்டுக்கும் நல்லது என்று நான் சொல்லவரவில்லை. 12 அடி இடைவெளியுள்ள இரண்டு சுவர்களுக்கிடையே 47 ஹெர்ட்ஸ் அளவிலான ஒலி சிக்கிக்கொண்டு அதிரும். பின்புறம் காற்றுத்துளை வைத்த டவரைக் கொண்டுபோய் அந்த மூலையில் ஒட்டி வைத்தால் எந்தப் பாட்டைப் போட்டாலும் குடத்துக்குள் தட்டுவது போலத்தான் கேட்கும். சுவரிலிருந்து இரண்டடியாவது தள்ளி வைக்கவேண்டும். 10 அடிக்கு 10 அடி அறையில் அதற்கு வழியில்லை; அங்கே ஸ்டாண்டில் வைத்த சிறிய புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர் இரண்டே போதும். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் சாயக்கூடிய டவர் வைப்பதையும் தவிர்க்கவேண்டும்.

பழைய செட்டைக் கொடுத்துவிட்டு டவர் ஜோடி வாங்கிய முதல் நாளும் எனக்கு நிம்மதியில்லை. பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, அறவே இல்லை. குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் ஹால் முழுவதும் மிதந்தது. கடையில் நன்றாகத்தானே கேட்டது என்று மனம் நொந்து ஆம்ப்ளிஃபயரைத் திருப்பிப் பார்த்தால், வலப்பக்க ஸ்பீக்கரின் சிவப்பு முனைக்குப் போகவேண்டிய கம்பி கறுப்பில் செருகப்பட்டிருந்தது. ஒரு கூம்பு முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுத்து, இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டிருந்தன. மாற்றிச் செருக ஒரு நிமிடம் ஆனது. அன்றிலிருந்து யார் வீட்டில் புது ஸ்பீக்கர் வந்தாலும் ஒற்றைச் சேனல் பழைய பாட்டு ஒன்றைப் போட்டுப் பார்க்கச் சொல்கிறேன். எதுவுமே இல்லாத நட்டநடுவிலிருந்து குரல் வந்தால் இணைப்பு சரி. டைல்ஸ் தரையின் எதிரொலியை அடக்க ஒரு கனத்த பவானி ஜமக்காளமும் ஜன்னலுக்குத் துணித்திரையும் போட்டோம். அதில் கிடைத்த தெளிவு எந்த விலையுயர்ந்த கேபிளிலும் கிடைத்திராது.

பிற்பாடு என் தாயாருக்குக் காது சற்று மந்தமாகி, படங்களில் வசனம் புரியவில்லை என்று சொல்லத் தொடங்கியபோது, அதே வரிசையைச் சேர்ந்த நடு ஸ்பீக்கர் ஒன்றை மட்டும் சேர்த்தேன். சரவுண்ட் ஏற்பாட்டில் நான் மனமார ஒப்புக்கொள்ளும் நன்மை இது: வசனத்தின் தடத்தை மட்டும் தனியே கூட்டிக்கொள்ளலாம். முன்பக்க ஜோடியை முதலில் நல்லதாக வாங்கி, ஐந்து சேனல் ரிசீவரில் இணைத்துவிட்டால், மற்றவற்றைத் தேவை வரும்போது ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ள முடியும். அட்டைப்பெட்டியில் மொத்தமாக வரும் செட்டில் பெரும்பாலும் அந்த வசதி கிடையாது.

அடுக்குமாடியில் வசிப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைப்பது நல்லது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்று வரம்பு வைத்துள்ளன. தரையில் வைத்த சப்வூஃபரின் அதிர்வு கான்கிரீட் வழியாகக் கீழ்வீட்டுக்கு முதலில் போய்ச் சேரும்.

எனவே, இத்தகைய கட்டுரைகளைத் தாங்கள் இனி வெளியிடும்போது விலைப்பட்டியலுடன் ஆர்.எம்.எஸ். வாட்ஸ், உணர்திறன், எந்த அளவு ஹாலுக்குப் பொருந்தும் என்ற மூன்றையும் சேர்த்து அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறேன். கடைக்குச் செல்லும் வாசகர்கள், ஹாலின் நீள அகலத்தையும் சோபாவுக்கும் பின்சுவருக்கும் உள்ள இடைவெளியையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு, தாங்கள் நன்கு பழகிய பாடல்கள் இரண்டை எடுத்துச் சென்று போட்டுக் கேட்ட பிறகே பணம் கட்டலாம் என்பதையும் அதில் ஒரு வரியாகச் சேர்த்தால் நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சி