வீட்டில் இருப்போர்: 2

ராஜி கண்ணு,

நீ அனுப்பிய படிவத்தை நேற்று ராத்திரி பார்த்தேன். வரிசையாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் நிரப்பியிருக்கிறாய். என் வேலை உனக்கும் வந்திருக்கும் என்று அப்பாவிடம் சொன்னேன். "வீட்டில் இருப்போர்" என்ற கட்டத்தில் மட்டும் 2 என்று இருக்கிறது. நீயும் குட்டியும். எண்ணத் தெரியாத பெண் இல்லை நீ, அதனால் நான் ஒன்றும் கேட்கவில்லை. நீ போட்டிருக்கும் யுஎஸ்டிஏ கடனைப் பற்றி, அதாவது அமெரிக்க விவசாயத் துறை உத்தரவாதம் தரும் கிராமப்புற வீட்டுக் கடனைப் பற்றி, மட்டும் எழுதுகிறேன்.

இடத்தில் சிக்கல் வராது. அயோவாவில் உங்கள் டெக்கோரா 8,000 பேர்கூட இல்லாத ஊர். யுஎஸ்டிஏ வரைபடத்தில் வீட்டு முகவரியையே போட்டுப் பார்த்து, அந்தப் பக்கத்தை அச்செடுத்து வை. கிரீன் கார்டு வந்ததும் நல்லதாயிற்று. ஹெச்-1பியை வைத்து இந்தக் கடன் கிடைக்காது.

வருமானத்தில்தான் எல்லாரும் விழுவார்கள், ஏனென்றால் அதில் இரண்டு கணக்கு. தகுதிக்கு ஒன்று: அந்த வீட்டில் வாழும் பெரியவர்கள் எல்லாருடைய சம்பளமும் சேரும், கடனில் கையெழுத்துப் போடாதவர்களுடையதும். 2025 நடுவில் வந்த அடிப்படை வரம்பு 1 முதல் 4 பேருக்கு 119,850 டாலர், 5 முதல் 8 பேருக்கு 158,250. கட்டும் திறனுக்கு இன்னொன்று: கடனில் கையெழுத்துப் போடுகிறவர் சம்பளம் மட்டும். கையெழுத்துப் போடாத கணவன் சம்பளம் வரம்பில் ஏறும், கட்டுவதற்கு உதவாது.

அந்த 2க்கு வருகிறேன். கணவன் சம்பளத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட வேண்டுமென்றால் குறைந்தது 3 மாதம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும், அல்லது விவாகரத்துக்கோ சட்டப்படி பிரிவதற்கோ கோர்ட்டில் மனு போட்டிருக்க வேண்டும். வேலைக்காக வேறு ஊரில் தங்கியிருந்தால் அது பிரிவு ஆகாது. மாப்பிள்ளை சிடார் ராபிட்ஸில் வேலைக்காகத் தங்கியிருக்கிறார் என்றுதான் நீ எங்களிடம் சொன்னாய். அது உண்மையானால் படிவத்தில் 3 என்று இருக்க வேண்டும். 2 என்று எழுதினால் 2 என்பதற்குக் காகிதம் கேட்பார்கள்: அவர் பெயரில் வேறு வாடகை ஒப்பந்தம், வேறு முகவரிக்குப் போகும் பில், மனு எண். இன்னொன்று, அயோவாவில் குடியிருக்கும் வீட்டை அடமானம் வைக்கும்போது, சட்டப்படி கணவன் மனைவியாக இருக்கும்வரை, அவர் கையெழுத்தையும் டைட்டில் (வீட்டின் உரிமைப் பத்திரம்) பார்ப்பவர் பெரும்பாலும் கேட்பார். அன்றைக்குப் போய்த் திகைக்காதே.

உன் ஒரு சம்பளத்தில் போட்டுப் பார்த்தேன். மாதம் 5,000. அந்த வீடு 210,000. முன்பணம் வேண்டாம், ஆனால் உத்தரவாதத்துக்கான 1% கேரண்டி கட்டணத்தைக் கடனிலேயே ஏற்றினால் 212,121 ஆகும். 6.5% வட்டி, 30 வருஷம் என்று வைத்தால் தவணை 1,341. ஆண்டுக் கட்டணம் 0.35%, மாதம் 62 அளவில். சொத்து வரி, இன்சூரன்ஸ் 410 என்று வைத்தேன். ஆக 1,813, உன் சம்பளத்தில் 36%. வீட்டுச் செலவுக்கு வழக்கமான அளவு 29%. கார் 380. படிப்புக் கடனில் இப்போது தவணை 0 என்பதால் தப்பித்தோம் என்று நினைக்காதே. பாக்கி 40,000இல் 0.5%, அதாவது 200, போட்டுக்கொள்வார்கள். எல்லாம் சேர்ந்தால் 48% ஆகிறது, வழக்கம் 41%. தகுதி பார்க்கும் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொண்டால் உண்டு, அதை நம்பி விற்கிறவருக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதே. தனியாக என்றால் 150,000க்குள் பார்.

வீட்டில் பார்க்க வேண்டியது கிணறும் செப்டிக் டேங்கும். உங்கள் பக்கம் சுண்ணாம்புப் பாறை, வயலில் போடும் உரம் நேரே நிலத்தடி நீருக்கு இறங்கும். நைட்ரேட் லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினால் கடன் நிற்கும், குட்டிக்கும் ஆகாது. செப்டிக்கை விற்கும்போது சோதிக்க வேண்டும் என்று 2009இலிருந்து அயோவாவில் சட்டமே இருக்கிறது. அந்த அறிக்கையை விற்கிறவரிடம் இப்போதே கேள், கடைசி வாரம் வரை விடாதே. பின்னால் இருக்கும் கொட்டகை சாமான் போடுவதற்கு என்றால் சரி, வருமானம் வரும் பண்ணையாக இருக்கக் கூடாது.

மறுபடி சொல்கிறேன், 2 என்றால் காகிதம் வேண்டும்.

கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளையிடம் சம்பளம் கேட்டேன், கடன் கேட்டேன், கிரெடிட் ஸ்கோர்கூடக் கேட்டேன். பெருமையாக இருந்தது எனக்கு. உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஃபைல் சுத்தமாக இருந்ததால் போதும் என்று விட்டுவிட்டேன்.

அப்பா வேறொரு கணக்குப் போட்டார். எங்கள் இரண்டு பேர் சோஷியல் செக்யூரிட்டி ஓய்வுப் பணம் மாதம் 3,100. இங்கிருந்துகொண்டு நாங்கள் உன் கடனில் கையெழுத்துப் போட முடியாது, இந்தத் திட்டத்தில் அந்த வீட்டிலேயே குடியிருப்பவர்தான் போடலாம். வந்து இருந்தால் போடலாம். அப்போது வீட்டு வருமானம் 97,200, வரம்புக்குள்தான். அந்த 48%, 30%க்கு இறங்கிவிடும். எங்களுக்குக் கடன் ஏதும் இல்லை. மார்ச்சில் எங்கள் வாடகை ஒப்பந்தம் முடிகிறது.

படிவத்தில் 2ஐ அடித்து 4 என்று எழுதினால் பக்கத்தில் உன் இனிஷியல் போடு, இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள்.

அம்மா