உட்கார்ந்த வேலைதானா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆரம்பாக்கத்திலிருந்து எல்லை தாண்டி ஆந்திராவில் தடா பக்கம் ஒரு குடோனுக்கு, சரக்கைத் தூக்கி வைக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டப் போகிறேன். ‘உட்கார்ந்த இடத்தில் சம்பளம்’ என்று ஊரில் கேலி. வண்டியை எடுக்கும் முன்பே டயர், பிரேக், ஹாரன், செயின், ஆயில் கசிவு எல்லாம் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சரக்கு லாரி நகராமல் சக்கரத்துக்குக் கட்டை வைத்தாயிற்றா என்று இறங்கிப் பார்ப்பேன், வாய்வார்த்தையை நம்புவதில்லை.

2.5 டன் வண்டி எந்தச் சரக்கையும் 2.5 டன் வரை தூக்கும் என்று சூப்பர்வைசர்களே நினைக்கிறார்கள். எங்கள் வண்டியில் சரக்கின் எடைமையம், ஃபோர்க் என்கிற முன்பக்க இரும்புக் கைகள் வண்டியோடு சேரும் இடத்திலிருந்து 500 மில்லிமீட்டருக்குள் இருந்தால்தான் அந்தக் கணக்கு. போன மாதம் ஒரு நீளப் பெட்டியைத் தூக்கியதும் பின்சக்கரம் லேசாக எழும்பியது. ஸ்டியரிங் திரும்புவதே அந்தச் சக்கரத்தில்தான்! மெல்ல இறக்கி வைத்தேன். ‘தொந்தரகா’ (தெலுங்கில் ‘சீக்கிரம்’) என்று பின்னால் ஒரு குரல் அவசரப்படுத்திக்கொண்டே இருந்தது.

சரக்கு முன்னால் மறைத்தால் ரிவர்ஸில்தான் போக வேண்டும். அப்போது குறுக்கே நடப்பவர்கள்தான் பயம். எங்கள் குடோனில் எச்சரிக்கைப் பலகைகள் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே உள்ளன. சுமை தூக்குவோரில் பாதிப்பேர் எங்கள் பக்கத்து ஆட்கள். தமிழிலும் எழுதி, நடைபாதைக்கு மஞ்சள் கோடு போட்டுக் கொடுத்தால் போதும்.

– ஓர் ஓட்டுநர், ஆரம்பாக்கம்