எண்ணிக்கை போதும், குறிப்புரை எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இசை நாடகம் பற்றி ஆய்வு செய்யும் மாணவர்களின் குறிப்புரை நூலடைவுகளை (பயன்படுத்திய ஒவ்வொரு நூலைப் பற்றியும் சிறு குறிப்போடு கூடிய பட்டியல்களை) ஒரு நூலகராகப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். பெரும்பாலானவற்றில் நூலின் பின்னட்டை வாசகமே குறிப்புரையாகிவிடுகிறது. பார்க்கவே வேதனையாக இருக்கிறது.

இந்தத் துறையில் அது பெரிய இழப்பு. 'இதுதான் மூலம்' என்று காட்ட ஒரே பிரதி இங்கே கிடையாது. வசன நூல், பியானோவுக்குச் சுருக்கிய இசைக் குறிப்பு, வாத்தியக் குழுவின் தாள்கள், ஒலிப்பதிவு எல்லாம் தனித்தனியாக நிற்கும்; ஒன்றுக்கொன்று முரண்படவும் செய்யும்.

1927-இல் நியூயார்க்கில் அரங்கேறிய 'ஷோ போட்' நாடகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1946-இல் மீண்டும் மேடையேறியபோது சில பாடல்களை நீக்கினார்கள், புதிதாக ஒன்றைச் சேர்த்தார்கள். 1982-இல் நியூஜெர்சிக் கிடங்கு ஒன்றில் பழைய இசைக் கையெழுத்துப் பிரதிகள் கிடைத்தன. அவற்றின் துணையோடு, கைவிடப்பட்ட பகுதிகளையும் சேர்த்து 1988-இல் விரிவான ஒலிப்பதிவு வெளிவந்தது. மாணவர் வெறுமனே 'ஷோ போட்' என்று எழுதினால் எதைச் சொல்கிறார்?

பழைய இசைத்தட்டுகளிலும் கவனம் வேண்டும். ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடமே இடம் என்பதால் பாடல்களை வெட்டிப் பதிந்தார்கள். மேடையில் ஒலித்தது அதுவே என நம்பிவிடக் கூடாது.

எந்த ஆண்டின் வடிவம், எது விடுபட்டது, தன் ஆய்வுக்கு அது எப்படி உதவியது என்று மாணவரே நாலு வரி எழுதட்டும். நெறியாளர்கள் எத்தனை நூல் என்று எண்ணுவதை விட்டு, அந்த வரிகளுக்கு மதிப்பெண் தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு நூலகர்