படிகமாகாத புரதங்களின் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

புரதங்களின் வடிவத்தைக் கணினியே கணித்துவிடுவதால் புரதத்தைப் படிகமாக்கி, அதில் எக்ஸ் கதிரைச் செலுத்தி வடிவத்தைக் கண்டறியும் படிக ஆய்வகங்களுக்கு இனி வேலையில்லை என்ற தொனியில் சென்ற இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பல ஆண்டுகள் அப்பணியில் இருந்தவன் என்ற முறையில், கட்டுரை தொடாமல் விட்ட ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்.

அவ்வாறு கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு என்ற கணினி நிரலின் திறனில் எனக்கு ஐயமில்லை. 2024-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் பாதி அதை உருவாக்கியவர்களுக்குச் சென்றதும் பொருத்தமே. ஆனால் அது பாடம் கற்றது, ஆய்வகங்கள் கண்டறிந்த புரத வடிவங்களைச் சேர்த்து வைக்கும், 1971-இல் ஏழே வடிவங்களுடன் தொடங்கிய புரதத் தரவு வங்கியிலிருந்து. அவ்வங்கியை நிரப்பியவற்றுள் ஒன்று, அமெரிக்காவில் 2000 முதல் 2015 வரை நடந்த புரதக் கட்டமைப்புத் திட்டம். ஒரு புரதத்துக்கு ஒரு மாணவர் என்றிருந்த வழக்கத்தை மாற்றி, 96 குழிகள் கொண்ட தட்டுகளில் ஒரே சமயத்தில் பல மரபணுக்களை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் செலுத்தி, ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் ஆறாலான வாலை ஒவ்வொரு புரதத்துக்கும் ஒட்டி, அவ்வாலைப் பற்றிக்கொள்ளும் நிக்கல் கொண்ட குழாயில் பிரித்தெடுத்து, படிகமாவதற்காக 100 நானோலிட்டர் அளவுள்ள புரதத் துளிகளை ரோபோவைக் கொண்டு இடும் முறை அக்காலத்தில்தான் பரவலாயிற்று.

இவ்வளவு செய்தும் தொடங்கியவற்றுள் மிகச் சிலவே வடிவமாகத் தேறின. சில புரதங்கள் செல்லுக்குள்ளேயே கரையாத திரளாகிவிடும். சில தூய்மையாகக் கிடைத்தும் படிகமாகா. படிகமானவற்றிலும் சில எக்ஸ் கதிரைச் சரிவரச் சிதறடிக்கா. நுண்நோக்கியின் கீழே கூர்முனைகளுடன் பளபளக்கும் படிகத்தைக் கண்டு மகிழ்ந்து, ஊசியால் தொட்டால் 'கடுக்'கென்று உடையும்: உப்பு. ஏறத்தாழப் பாதி நீராலான புரதப் படிகமானால் மெத்தென நொறுங்கும். அந்தக் 'கடுக்' ஓசையைக் கேட்டு மனம் சோர்ந்த மாலைகள் பல.

என் ஆதங்கம் இத்தோல்விகள் பெரும்பாலும் பதிவாவதில்லை என்பதே. ஆய்வுக் கட்டுரையில் வெற்றி தந்த ஒரு கரைசலின் விவரம் மட்டுமே வரும். மற்ற நூற்றுக்கணக்கான குழிகளுக்கு என்ன நேர்ந்தது என்பது வராது. நான் இருந்த ஓர் ஆய்வகத்தில், படிகமாகுமா என்று ஒரு மாணவர் வெட்டிப் பார்த்துப் பயனில்லை என்று கைவிட்ட அதே புரதத் துண்டுகளை, அவருடைய குறிப்பேடு கைக்குக் கிடைக்காததால், அடுத்து வந்தவர் ஓராண்டு செலவிட்டு மீண்டும் வெட்டினார். (தளர்ந்து தொங்கும் முனைகளை எங்கே வெட்டுவது என்று சொல்ல இன்று கணிப்பு உதவுகிறது, அதை மறுக்கவில்லை.)

விதிவிலக்காக, மேற்சொன்ன அமெரிக்கத் திட்டம் தான் எடுத்துக்கொண்ட ஒவ்வொரு புரதமும் எந்தப் படியில் நின்றது என்பதைப் பொதுவில் பதிந்து வைத்தது. திட்டம் முடிந்தபின் அப்பதிவேடும் புதுப்பிக்கப்படாமல் நின்றது. 2018-இல் வெளியான மார்க்கோ முயற்சியில், பல ஆய்வகங்களும் மருந்து நிறுவனங்களும் சேர்ந்து அளித்த ஏறத்தாழ ஐந்து லட்சம் துளிப் படங்களைக் கொண்டு, படிகமுள்ள துளியையும் இல்லாத துளியையும் பிரித்தறியக் கணினியைப் பழக்கினார்கள். வெறுந்துளிகளும் அதற்குப் பாடமாயின. ஆகவே, வடிவத்தை வங்கியில் சேர்த்த பின்னரே கட்டுரையை ஏற்கும் ஆய்விதழ்கள், அதனுடன் தோற்ற முயற்சிகளின் பட்டியலையும் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. இதுபற்றித் தங்கள் இதழில் ஒரு கட்டுரை வந்தால் மகிழ்வேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற படிகவியல் ஆய்வாளர் ஒருவர்